கம்பார் மேடும் நடுகல் மரபும்

போரில் வீழ்ந்த வீரனை ஊர் எவ்வாறு நினைவிற் கொள்வது? இவ்வினாவுக்குத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே விடை கண்டனர். அவன் வீழ்ந்த இடத்திலோ ஊரின் எல்லையிலோ ஒரு கல்லை நட்டு, அதில் அவன் பெயரைப் பொறித்து, அவனை ஊராருள் ஒருவனாக என்றும் வைத்துக்கொண்டனர். அக்கல்லை நடுகல் என்கிறோம். வீரக்கல் என்றும் வழங்குவர்.

தமிழாசிரியர் அனைவரும் அறிந்த மரபு இது. புறப்பொருள் நடத்தும்போதெல்லாம் இதனை விளக்குகின்றோம். எனினும், நம் காலத்துப் போர்களோடு இதனைப் பொருத்திப் பார்ப்பது அரிது. அவ்வாறு பொருத்திப் பார்ப்பதற்கு மலேசிய நாட்டின் பேராக் மாநிலம் ஏற்றதொரு நிலமாகும். 1941, 1942-ஆம் ஆண்டுகளில் அம்மண்ணைக் காக்க நின்று இந்திய வீரர் பலர் பட்டனர். அடுத்து வந்த ஆண்டுகளில், அங்குள்ள ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர் பலர் வேறொரு படையிற் சேர்ந்து சென்று மீளாராயினர். முன்னவர்க்குக் கல் உண்டு, பின்னவர்க்கு இல்லை. இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது? அதனைக் குறைக்க இன்னும் வழி உண்டா? இவற்றையே இங்குக் காண்போம்.

நடுகல் கூறும் மூன்று செய்திகள்

நடுகல் அமைக்கும் முறையைத் தொல்காப்பியர் ஆறு துறைகளாகப் பகுத்துள்ளார். தக்க கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அதனைக் கொள்ளுதல் கால்கோள். நீராட்டித் தூய்மை செய்வது நீர்ப்படை. நடுவது நடுகல். சிறப்புச் செய்து படைப்பது பெரும்படை. இறுதியில் வாழ்த்துவது வாழ்த்தல். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கல்லெடுத்த வரலாற்றைக் கூறும் வஞ்சிக் காண்டத்திலும் இத்துறைப் பெயர்களே காதைகளின் பெயர்களாக அமைந்திருப்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இச்சிறப்பெல்லாம் மன்னர்க்கே உரியனவோ என்று ஐயுறுவோர் உண்டு. கிடைத்துள்ள கற்கள் அவ்வையத்தைப் போக்குகின்றன. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டெடுத்த நடுகற்களுள் ஒன்று, தமிழ்ப் பிராமி எழுத்தில், கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் பட்ட அந்தவன் என்பவனின் கல் என்று அறிவிக்கின்றது. அவன் வேந்தனும் அல்லன், வேளும் அல்லன். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மாடு கவர்ந்த சண்டையில் இறந்த ஓர் ஊரான். அவன் பெயரை இன்று நாம் படிக்கின்றோம்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல் இன்னும் வியப்பூட்டுவது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தைச் சேர்ந்த அக்கல்லில், எருமைகளைக் காத்து நின்று பட்ட கருந்தேவக்கத்தி என்பவனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் உண்டு. கள்வரைக் கடித்துத் தலைவனைக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன். நாயின் பெயரையும் விடாது எழுதிய மரபு நம்முடையது.

இக்கற்களை ஒப்பிட்டு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். எழுத்து எத்துணைச் சுருங்கியதாயினும் மூன்று செய்திகளைப் பெரும்பாலும் காணலாம். இறந்தவன் யார் என்பது ஒன்று. எந்த ஊரில், எக்காலத்தில் என்பது மற்றொன்று. எச்செயலில் பட்டான் என்பது மூன்றாவது. பெயர், இடம், செயல் என்னும் இம்மூன்றும் கூடினால்தான் கல் பேசும். ஒன்று குறைந்தாலும் குரல் தாழும்; மூன்றும் இல்லையேல் அது வெறுங்கல்லே. இவ்வளவுகோலை எடுத்துக்கொண்டு பேராக்கிற்குச் செல்வோம்.

கம்பாரில் நடந்தது

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. ஜித்ராவில் பதினோராம் இந்தியப் படைப்பிரிவு முறியடிக்கப்பட்டது. வடக்கிலிருந்து பின்வாங்கி வந்த அப்படை, டிசம்பர் இறுதியில் ஈப்போவையும் விட்டு நீங்கி, அதன் தெற்கே கம்பாரில் அணிவகுத்து நின்றது. கிழக்கே பூஜாங் மலாக்கா மலை. அதன் அடிவாரத்தில் சாலையை நோக்கிய சிறு மேடுகள். சாலைக்கு மேற்கே ஈயக்குட்டைகளும் திறந்த வெளியும். பீரங்கிக்கு நல்ல பார்வை கிடைக்கும் இடம். ஆதலின் தற்காப்புக்கு இதனினும் சிறந்த நிலம் அப்பகுதியில் அரிது.

டிசம்பர் 30-ஆம் நாள் முதல் 1942-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் வரை அங்குக் கடும்போர் நிகழ்ந்தது. மேடுகளைக் காத்து நின்றது ‘பிரிட்டிஷ் பட்டாளம்’ எனப்பட்ட கூட்டுப்படை. ஜித்ராவில் பேரிழப்புக்கு ஆளான லெஸ்டர்ஷயர், கிழக்குச் சர்ரே ஆகிய இரு பட்டாளங்களின் எஞ்சிய வீரரைச் சேர்த்து அமைத்தது அது. அதே காரணத்தால் ஜாட், பஞ்சாப் பட்டாளங்களும் ஒன்றாக இணைக்கப்பட்டிருந்தன.

ஜனவரி 2-ஆம் நாள் தாம்சன் மேட்டின் பதுங்குகுழிகள் சில பகைவர் கையிற் சிக்கின. அவற்றை மீட்கும் பணி, காப்டன் ஜான் ஆன்ஸ்லோ கிரஹாம் தலைமையிலிருந்த சீக்கிய வீரர் அணிக்கு வந்தது. துப்பாக்கி முனையிற் குத்துக்கத்தி பொருத்திக்கொண்டு, தம் சமய முழக்கத்தை எழுப்பியவாறு அவர்கள் மேட்டின்மீது பாய்ந்தனர். லெப்டினண்ட் லாம்ப் என்னும் இளம் அதிகாரி அத்தாக்குதலில் பட்டார். கிரஹாமின் கால்கள் குண்டு வெடித்துச் சிதைந்தன. அந்நிலையிலும் அவர் தம் வீரரை ஊக்கிக்கொண்டிருந்தார் என்று போர் வரலாறு கூறுகின்றது. பின்னர் அப்புண்களாலேயே அவர் உயிர் நீத்தார். சீக்கியருள் பலர் மேட்டிலேயே வீழ்ந்தனர். ஆயினும் இழந்த குழிகள் மீட்கப்பட்டன.

கம்பார் போரால் வீழவில்லை. ஜப்பானியர் மேற்குக் கடற்கரையில் இறங்கிப் பின்புறச் சாலையை அறுக்க முனைந்தமையால், அன்றிரவே படை பின்வாங்க நேர்ந்தது. ஐந்து நாள் கழித்து, ஜனவரி 7-ஆம் நாள், சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் அப்படையைச் சிதறடித்தன. பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூரும் சரணடைந்தது. வென்ற போர்கள் மட்டுமே நினைக்கப்படும் என்றால் கம்பார் மறக்கப்பட்டிருக்கும்.

மறக்கப்படாமைக்கு ஒரு காரணம் ஓர் ஆசிரியர். கம்பார் ஆங்கிலோ-சீனப் பள்ளியில் ஆசிரியராய் இருந்த சை கூய் லூங் என்பார், அப்போரைப் பற்றிய செய்திகளைத் தேடித் தொகுத்து, பிரிட்டிஷ் பட்டாளத்தின் வரலாற்றை 1984-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அவர் படைத்துறை அதிகாரி அல்லர். பல்கலைக்கழகப் பேராசிரியரும் அல்லர். ஊர்ப் பள்ளியின் ஆசிரியர். தம் ஊர் மேட்டில் யார் வீழ்ந்தனர் என்று அறிய விரும்பினார், அறிந்ததை எழுதினார். பெயர், இடம், செயல் என்னும் மூன்றையும் கம்பாருக்குத் தேடித் தந்த பணியில் அவர்க்குப் பெரும்பங்கு உண்டு.

பெயரும் எண்ணும்

போர் முடிந்தபின், காட்டிலும் சாலையோரத்திலும் ஊர்ப்புறத்திலும் புதைக்கப்பட்டிருந்த உடல்களை எடுத்துத் தைப்பிங் நகரில் போர்க் கல்லறை அமைத்தனர். லாருட் குன்றுக்குச் செல்லும் சாலையின் இருபுறமும் அது அமைந்துள்ளது. எண்ணூற்றுக்கும் மேற்பட்ட வீரர் அங்கு உளர். அவருள் பாதிக்கும் மேற்பட்டவர் இன்னார் என்று அறியப்படாதவர். பெயர் தெரியாத இந்திய வீரனின் கல், அவன் இந்தியப் படையைச் சேர்ந்தவன் என்று மட்டுமே சொல்லும். இடம் உண்டு, செயலும் ஒருவாறு தெரியும், பெயர் இல்லை.

உடலே கிடைக்காதவர்க்குச் சிங்கப்பூர்க் கிராஞ்சியில் 1957-ஆம் ஆண்டு நினைவகம் திறக்கப்பட்டது. அதன் சுவர்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அப்பெயர்களுக்குரிய பதிவேட்டில், இந்திய வீரர் பலரின் தந்தை பெயர், ஊர், மாவட்டம் ஆகியனவும் குறிக்கப்பட்டுள்ளன. நடுகல்லில் இன்னான் மகன் இன்னான் என்று எழுதிய பழைய வழக்கை இஃது ஒத்திருக்கின்றது.

இவ்வழக்கம் எப்போதும் எல்லார்க்கும் கிட்டியதன்று. முதல் உலகப் போரில் மெசபொத்தேமியாவில் பட்டவர்க்காக எழுந்த பாஸ்ரா நினைவகத்தை நோக்குக. பிரிட்டிஷ் வீரர் அனைவர் பெயரும் அங்குப் பொறிக்கப்பட்டன. இந்தியருள் அதிகாரிகளின் பெயர் மட்டுமே பொறிக்கப்பட்டது. ஏனைய சிப்பாய்கள் பட்டாளந்தோறும் இத்தனை பேர் என எண்ணாகவே குறிக்கப்பட்டனர். இத்தகைய வேறுபாடுகள் நேர்ந்தன என்பதைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-ஆம் ஆண்டு தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. பெயரை எண்ணாக மாற்றுவது நினைவுகூர்தல் ஆகாது, கணக்கெடுத்தலே ஆகும். நாயின் பெயரையும் எழுதிய கல்லுக்கும், மனிதனை எண்ணாக எழுதிய கல்லுக்கும் உள்ள தொலைவை எண்ணிப் பார்க்கவேண்டும்.

தோட்டத்திலிருந்து சென்றவர்

இனி, எண்ணாகக்கூட எழுதப்படாதவரைக் காண்போம்.

போருக்கு முன் பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்தவருள் பெரும்பாலோர் தமிழர். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவர். கிராணி செக்ரோல் புத்தகத்தில் குறிப்பார். பின்னர்ப் பால்மரம் வெட்டப் போவர். ஜப்பானியர் ஆட்சியில் ரப்பர் வாணிகம் படுத்தது. அரிசி அருகியது. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. தோட்டங்களிலிருந்து ஆடவர் பலர் சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த, 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில், மலாயாவிலிருந்து சென்றவர் மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர் என்பர். திரும்பாதவர் தொகை மிகப் பெரிது.

அக்காலத்தில்தான், 1943 ஜூலையில், சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். அப்படையின் தொடக்கம் 1941 டிசம்பரிலேயே விதைக்கப்பட்டது. வடக்கே சிறைப்பட்ட காப்டன் மோகன் சிங் அதனைத் தொடங்கினார். அவரும் கம்பாரில் நின்ற அதே பதினோராம் படைப்பிரிவைச் சேர்ந்தவர்தாம். ஒரே படைப்பிரிவின் வீரருள் சிலர் பிரிட்டிஷ் கொடியின்கீழ்ப் பட்டனர். சிலர் அக்கொடிக்கு எதிராக எழுந்தனர். போஸ் வந்தபின் மலாயாவின் குடிமக்களும், அவருள்ளும் சிறப்பாகத் தோட்டத் தமிழர், பல்லாயிரவராகச் சேர்ந்தனர். பெண்டிர்க்கென ஜான்சி ராணிப் படையும் அமைந்தது.

அவர்கள் சேர்ந்தமைக்குக் காரணம் ஒன்றன்று. நாட்டு விடுதலை வேட்கை உண்டு. துரைக்கும் கங்காணிக்கும் முன் குனிந்து நின்றவன் நிமிர்ந்து நடக்கும் பெருமிதம் உண்டு. பசியும் உண்டு. சயாம் ரயிலுக்குப் பிடித்துச் செல்லப்படுவதிலிருந்து தப்பும் எண்ணமும் சிலர்க்கு இருந்தது. இவற்றுள் எதனையும் மறைக்க வேண்டுவதில்லை. வீரன் என்பவன் ஐயமும் அச்சமும் அற்ற தெய்வப் பிறவி அல்லன். நம்மைப் போன்ற மனிதன்.

1944-ஆம் ஆண்டு இம்பால் போர் தோல்வியில் முடிந்தது. மழையிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் பர்மா வழியே பின்வாங்கியபோது வீழ்ந்தவர்க்குக் கணக்கு ஒழுங்காக இல்லை. எந்த ஆற்றங்கரையில், எந்நாளில் என்று வீட்டாருக்குச் சொல்வாரும் இலர். நடுகல்லின் மூன்று செய்திகளுள் செயல் மட்டும் பொதுவாகத் தெரியும். இடம் தெரியாது. பெயரோ, ஒரு குடும்பத்தின் நினைவில் மட்டும் தங்கிற்று.

இரு திங்கள் நின்ற கல்

இவர்க்கும் ஒரு கல் எழுந்தது. 1945-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள், சிங்கப்பூர்க் கடற்கரைத் திடலில், இந்திய தேசிய இராணுவத்தின் அறியப்படாத வீரர்க்குப் போஸ் அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருள்படும் மூன்று உருதுச் சொற்கள் அச்சின்னத்திற் பொறிக்கப்பட்டன. செப்டம்பரில் பிரிட்டிஷ் படை திரும்பி வந்ததும் அது தகர்க்கப்பட்டது. இரு திங்களே நின்ற கல் அது. அரை நூற்றாண்டு கழித்து, 1995-ஆம் ஆண்டில், அவ்விடத்தைக் குறிக்கும் பலகை ஒன்று சிங்கப்பூரில் வைக்கப்பட்டது.

இங்கு ஒரு வினா எழலாம். ஜப்பானியரோடு சேர்ந்து போரிட்டவரை நினைவுகூர்வது அவ்வாட்சியின் கொடுமைகளை ஏற்பதாகாதா? ஆகாது. பேராக்கில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் அக்கொடுமைக்கு ஆளாயினர். அதனை மறைத்து எழுதும் வரலாறு வரலாறன்று. ஆனால் நடுகல் ஒரு கட்சிக்கு அளிக்கும் தீர்ப்பு அன்று. ஆநிரை கவர்ந்து பட்டவனுக்கும் கல் உண்டு. மீட்டுப் பட்டவனுக்கும் கல் உண்டு. இறந்தவன் நம்மவன், அவன் இன்ன செயலில் பட்டான் என்று உள்ளதை உள்ளவாறு பதிவு செய்வதே அதன் நோக்கம். கம்பாரில் பட்ட சீக்கியனுக்கும் இம்பாலில் பட்ட தோட்டத் தமிழனுக்கும் அந்த உரிமை ஒன்றே.

காலங்கடந்தும் கல் நடலாம் என்பதற்குச் சான்று உண்டு. சயாம் ரயில்பாதையில் இறந்த போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போருக்குப் பின் ஒழுங்கான கல்லறைகள் அமைந்தன. தமிழ்த் தொழிலாளர்க்கோ அத்தகையன இல்லை. எண்பது ஆண்டு கழித்து, 2023-இல், அவர்க்கென அங்கு ஒரு நடுகல் நாட்டப்பட்டது. நடுகல் என்னும் பழஞ்சொல்லே அதற்குப் பெயராயிற்று.

எழுத வேண்டுவன

கல் நடுவதற்குப் பொருள் வேண்டும், நிலம் வேண்டும், இசைவு வேண்டும். பெயரை எழுதுவதற்கு ஓர் ஏடு போதும். ஆனால் காலம் குறுகிவிட்டது. படைக்குச் சென்றவரை நேரிற் கண்டவர் அருகிவிட்டனர். அவர்தம் மக்களும் முதுமை எய்தினர். தோட்டங்களும் மாறின. 1950-களிலும் 1960-களிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. லயத்து மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர்.

எனினும் ஒன்று எஞ்சியுள்ளது. தோட்டம் மறைந்தும், அதன் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் பல மலேசியாவில் இன்றும் நடைபெறுகின்றன. இடம் பெயர்ந்த பள்ளியும் பழைய தோட்டத்தின் பெயரை விடவில்லை. ஆகவே, தோட்டத்து நினைவைத் திரட்டுவதற்குப் பள்ளியினும் தக்க இடம் வேறில்லை. கம்பாரில் ஓர் ஆசிரியர் செய்ததைத் தோட்டத் தமிழர்க்காகத் தமிழாசிரியர் செய்யலாம்.

எவற்றை எழுதுவது? முதலாவது பெயர். பெயர் மட்டும் போதாது. முனியாண்டி, இராமசாமி, மாரியம்மா என ஒரே பெயருடையார் ஒரே லயத்தில் பலர் இருந்தனர். தந்தை பெயரும், தமிழகத்துப் பூர்விக ஊரும், வாழ்ந்த தோட்டமும் சேர்ந்தால்தான் ஒருவரை மற்றவரினின்று பிரித்தறியலாம். இரண்டாவது, எந்த ஆண்டு சென்றார், எம்முகாமில் பயின்றார், கடைசியாக எங்கே காணப்பட்டார் என்பவை. மூன்றாவது, எவ்வாறு இறந்தார் என்பது. நான்காவது ஒன்றும் உண்டு. அது பழங்கல்லில் இல்லாதது. நம் காலத்திற்கு இன்றியமையாதது. இச்செய்தியைச் சொன்னவர் யார், அவர் கண்டு சொன்னாரா, கேட்டுச் சொன்னாரா என்பதே அது. கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்து எழுதினால், கதையும் வரலாறும் ஒன்றோடொன்று கலவா. பழைய படமோ கடிதமோ படைச் சின்னமோ இருப்பின், அதனைக் குடும்பத்தாரிடமே விட்டு, படி மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு பள்ளியில் ஐந்து பெயர் கிடைக்கலாம். ஒன்று மட்டுமே கிடைக்கலாம். ஒன்றாயினும் சிறிதன்று. புலிமான்கோம்பைக் கல்லிலும் ஒரு பெயர்தான் உள்ளது. மாணவர்க்கு இப்பணியில் பங்கு தருவது நலம். தொல்காப்பியர் கூறும் முதல் துறையாகிய காட்சி என்பது தேடிக் காண்பதே அன்றோ? தன் பாட்டியிடம் சென்று, அவர்தம் அண்ணன் பெயரைக் கேட்டு எழுதிவரும் சிறுவன் புறத்திணையியலைப் படிப்பதோடு நில்லாமல் அதனைச் செய்தும் பார்க்கிறான்.

தைப்பிங்கில் பெயரறியா வீரன் கல் தாங்கிக் கிடக்கின்றான். தோட்டத்துக் குடும்பத்தில் பெயர் மட்டும் கல்லின்றிக் கிடக்கின்றது. முன்னவன் பெயரை இனிக் கண்டறிதல் அரிது. பின்னவன் பெயரை இன்றும் சொல்வார் சிலர் உளர். அவர் சொல்லும் காலத்திலேயே கேட்டு எழுதிவைப்பது நம் கடன்.